எங்கள் ஊர்க் கிணறு

ஏழு வயதில் எனக்கு இருந்த பெருமையைப் பத்துப் பேருக்குப் பங்கு வைத்திருக்கலாம். மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். தெரியாது என்று நான் சொன்னதே இல்லை.

எங்கள் பேச்சில் நாங்கள் இருந்த இடத்துக்குப் பெயர் தோட்டம். ஊர் என்றால் அது கடலுக்கு அப்பால், இந்தியாவில். முசிறிப் பக்கம் மேட்டுப்பட்டி என்பார் அப்பா. அவரும் பார்த்தவரில்லை, அவருடைய அப்பா சொன்னது. வெறும் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அங்கே ஒரு கிணற்றை வெட்டி, பக்கத்தில் ஒரு புளியமரத்தையும் நட்டுக்கொண்டேன். எல்லாம் மனதுக்குள்தான். கண்ணை மூடினால் தண்ணீர்கூடத் தெரியும்.

பிரஜாவுரிமை விசாரணைக்குக் குடும்பத்தோடு பதுளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். அது கிடைத்தால்தான் நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள். அதற்காக அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அதிகாரி கேட்பதை யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தமிழில் சொன்னார்.

"நீங்கள் இஞ்சையே நிரந்தரமாய் இருக்கப் போறீங்களோ?"

"ஆமாங்க. பொறந்ததும் இங்கதாங்க, மண்ணுக்குள்ள போறதும் இங்கதாங்க" என்றார் அப்பா.

அதிகாரி தலையாட்டி எழுதினார். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரம். ஐயா என்னைப் பார்த்துச் சிரித்து, "பிள்ளை, உங்கட ஊர் எது?" என்று கேட்டார்.

கேட்கவா வேண்டும்? "முசிறிப் பக்கம் மேட்டுப்பட்டிங்க! அங்க எங்களுக்குக் கெணறு இருக்குங்க, புளியமரம் இருக்குங்க!"

அப்பா என் கையை அழுத்தினார். மெச்சுகிறார் என்று நினைத்தேன். பிள்ளை என்ன சொல்கிறது என்று அதிகாரி கேட்க, ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி மறுபடி எழுதினார், இந்தத் தடவை நீளமாக.

பஸ்ஸில், "நான் நல்லா சொன்னேனாப்பா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சொன்ன தாயி" என்று தலையைத் தடவினார். அன்றும் சரி, பிறகும் சரி, அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அந்த மனிதரின் மகள் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வாத்தியார் படித்துச் சொன்னார்: இங்கே நிலையாக வாழும் எண்ணமில்லை, இந்தியாவில் சொத்து உண்டு, ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. நிராகரிப்பு என்ற சொல் எனக்கு விளங்கவில்லை. சொத்து விளங்கியது. அரசாங்கமே சொல்லிவிட்டது என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் ஏறி இறங்கிச் சொன்னேன். திரும்பி வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். சொத்து இருக்கிறவர்கள் எதற்காக அழ வேண்டும் என்று எனக்குப் புரியவேயில்லை.