கடவுளும் கடலையும்

முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஒன்பது வயது. போடிநாயக்கனூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது பேச்சுக்குத்தான். பாட்டைக் கேட்டவுடன் ஒப்பிப்பேன். கணக்கை வாயாலேயே போடுவேன். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்தெல்லாம் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் ‘கடவுளை வணங்கு’ என்பதைக் ‘கடலை வாங்கு’ என்று உரக்க வாசித்துவிட்டேன். அன்றிலிருந்து என் பெயர் மக்கு. அம்மா தினமும் வல்லாரை அரைத்துக் கொடுத்தாள். நாக்கு பச்சையானதுதான் மிச்சம்.

“எழுத்து ஏறாத கழுதைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஏலக்காய் பொறுக்கட்டும்” என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

என்னை நிறுத்த அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று, பிள்ளைகளின் கண்களைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்திருந்தார். என் கண்ணில் குறையில்லை என்று கண்டதும், பிறகு ஏன் எழுத்து ஏறவில்லை என்று அறிய, சீமையில் புதிதாக வந்த புத்திப் பரீட்சை ஒன்றை எனக்கு வைத்தார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மரத்துண்டுகளைப் பலகையிலிருந்த பள்ளங்களில் சட்டென்று பொருத்தினேன். அடுத்து ஒரு கதை. குதிரையில் போன ஒருவர், குதிரைக்குப் பாரமாயிருக்கிறதே என்று ஏலக்காய் மூட்டையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாராம்.

“இதில் என்ன தப்பு?” என்று கேட்டார் டாக்டரம்மா.

அப்பா முந்திக்கொண்டார். “இதுல என்னம்மா தப்பு? எரக்கமுள்ள மனுசன்!”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எப்பா, மூட்டை அவரு தலையில இருந்தாலும், அவரு குதிரை மேலதானே இருக்காரு!”

டாக்டரம்மா குனிந்து சிரிப்பை மறைத்தார். இன்னும் பல கேள்விகளுக்குப் பிறகு, “புத்தி வயதுக்கு மேலேயே இருக்கிறது. இவளுக்கு இருப்பது எழுத்துக் குருடு” என்றார்.

அப்பாவின் காதில் குருடு மட்டும்தான் விழுந்தது. “அய்யோ ஆத்தா!” என்று அலறி, என் மூக்குக்கு நேரே கையை நீட்டினார். “இது எத்தனை வெரலு? வெரசாச் சொல்லு!” சரியாகச் சொன்ன பிறகும் நம்பாமல் மறுகையையும் நீட்டினார்.

கண்ணும் அறிவும் நன்றாக இருந்தும் சிலருக்கு எழுத்து மட்டும் பிடிபடாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மணலில் விரலால் பெரிதாக எழுதி, சத்தத்தோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்கும்படியும், பாடத்தை வாய்மொழியாகக் கேட்கும்படியும் எங்கள் வாத்தியாரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா மலைப் பேச்சையே விட்டுவிட்டார்.

எழுத்துகள் மெதுவாகத்தான் வந்தன. இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறேன். ஆனால் அந்த ஒரு பகல் வாய்க்காமல் போயிருந்தால், எனக்கு அறிவில்லை என்று ஊர் சொன்னதை நானும் சாகும்வரை நம்பியிருப்பேன்.