மகளின் புத்தகத்துக்கு ஒரு பக்கம்

என் மகள் ஒரே ஒரு புத்தகம்தான் எழுதினாள். குற்றாலத்துக்கு சீசன் நேரத்தில் பிழைப்புக்குப் போகிற பெண்களைப் பற்றிய கதைகள். குளிக்க வருகிறவர்களின் பைகளுக்குக் காவல் இருக்கிறவள், துண்டு விற்கிறவள், ரம்புட்டான் கூடைக்காரி எல்லாரும் அதில் வருவார்கள். எல்லாரும் மேலகரத்தில் எங்கள் தெருக்காரர்கள்தான். புத்தகம் வந்த மறு வருஷம் அவள் நோயில் போய்விட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி அதை வாசித்து முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

அவளோடு படித்த தோழி தென்காசியில் டீச்சராக இருக்கிறாள். இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியத்தில் அந்தப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் போட்டது அவள்தான். போனில் கொண்டுவந்து காட்டினாள். மகளின் பெயரை விரலால் தொட்டேன். பக்கம் நகர்ந்துவிட்டது. எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி மறுபடி வந்தாள். முகம் சரியில்லை. அந்தப் பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு வைத்திருக்கிறார்களாம். பக்கம் இருக்கலாமா, நீக்கிவிடலாமா என்று ஒரு வாரம் பேசி முடிவு செய்வார்களாம்.

"புத்தகத்துல என்ன தப்பாம்?" என்று கேட்டேன்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. நல்லதா கெட்டதான்னு அவங்க பாக்கல. சம்பந்தமில்லாத வெளி ஆளுங்க அதப் பத்தி விரிவா எங்கயாச்சும் எழுதியிருக்காங்களான்னுதான் பாக்காங்க."

பீரோவிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் 'வரப்பெற்றோம்' என்று புத்தகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நடுவில் மகளுடையது. பெயரும் விலையும் மட்டும். அது வந்த அன்றைக்கு அவள் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள்.

தோழி பார்த்துவிட்டு மெதுவாக மடித்துத் தந்தாள். "பேரு மட்டும் வந்தா காணாதும்மா."

"நூலகத்துல கூட்டம் போட்டாங்களே. ஒரு சாரு எவ்வளவு நேரம் பேசினாரு!"

"பேசினத யாரும் எழுதி வைக்கலயே."

"நான் சொன்னா எடுத்துக்கிடுவாங்களா?"

"பெத்தவங்க சொன்னா செல்லாதும்மா. சொந்தக்காரங்க ஒதுங்கித்தான் இருக்கணும்."

சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது, அதைக் கேட்டதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நான் ஆள் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவள். மகளைக் கொண்டுபோன பிறகு துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குப் பதில் சொன்னதெல்லாம் பக்கத்து வீட்டு மதினிதான். நான் அடுப்படியை விட்டு வரவே இல்லை.

மதினி அன்றைக்கும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் துண்டு விற்கிறவள் அவள்தான். மறுநாள் சாயங்காலம் தெருப் பெண்களை எல்லாம் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். கையில் அவள் மருமகளின் போன்.

"ஏட்டி, துட்டி வீட்டுக்குப் போனா ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம வருவமா? இது நம்ம புள்ள புத்தகம்லா!" என்றாள்.

அந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு பேர் பதிந்து, அவர்கள் சொல்லச் சொல்ல மருமகள் தட்டினாள்.

"நான் பைக்குக் காவல் இருக்கவ. கதையில வாரது நான்தான். எழுதினது அம்புட்டும் நெசம்" என்றாள் ஒருத்தி.

"என் தெத்துப் பல்லப் பத்தி எழுதிட்டா, கழுத. அதையும் போடவா?" என்றாள் ரம்புட்டான் கூடைக்காரி.

"போடு, போடு. பல்லக் காட்டுனாத்தான் நம்புவான்" என்றாள் மதினி.

எல்லாரும் சிரித்தார்கள். மகள் போன பிறகு என் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. நான் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தேன். இத்தனை பேர் வந்து நின்றால் அந்தப் பக்கத்தை எடுக்க யாருக்கு மனசு வரும் என்றுதான் நானும் நினைத்தேன்.

விஷயம் தெரிந்து தோழி மதினியிடம் ஓடி வந்தாள். "ஏன் அத்தை என்கிட்ட கேக்கல? அத்தனையும் ஒரே போன்லருந்து வந்ததால, ஒரே ஆளு வேற வேற பேர்ல எழுதுதுன்னு நெனைக்காங்க. பக்கம் போட்ட நான்தான் அந்த ஆளுன்னு சந்தேகப்படுதாங்க."

மதினிக்குப் பொறுக்கவில்லை. "ஒரே போனுன்னா ஒரே ஆளா? ஒரே அருவியில எத்தன பேரு குளிக்கோம்! போனக் கொண்டா, நானே கேக்கேன்."

"வேண்டாம் அத்தை. இனிமே எழுதினா இன்னும் மோசமாயிரும்."

வாரக் கடைசியில் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். முடிவு சொன்னவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். புத்தகத்தைக் குறை சொல்லவில்லை, வெளியே யாராவது அதைப் பற்றி எழுதினால் மறுபடி பக்கம் போடலாம் என்று இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தேடிப் பார்த்திருக்கிறார், இல்லை. இல்லாததற்கு அவர் என்ன செய்வார்? பெண்கள் எழுதாமல் இருந்திருந்தாலும் எடுத்திருப்பார்கள் என்று தோழி சொன்னாள். மதினி அதை நம்பவில்லை. கொஞ்ச நாள் என் வீட்டுப் பக்கமே வராமல் இருந்தாள்.

பக்கம்தான் போனதே தவிர, அதைப் பற்றிப் பேசியது அப்படியே இருக்கிறதாம். அதை அழிக்க மாட்டார்களாம். தோழி எடுத்துக் காட்டினாள். எங்கள் பெண்கள் சொன்ன வரிகளின் நடுவே மட்டும் கோடு இழுத்திருந்தது. கணக்கில் இல்லை என்று அர்த்தமாம். ஆனாலும் எழுத்து தெரிந்தது. நான் மதினி வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டி வந்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"என்னுது எது?" என்றாள்.

காட்டினேன்.

"நல்லாத்தான் கோடு போட்டிருக்கான். வாசிங்க மதினி."

தோழி இருந்தாள். இருந்தாலும் வாய்விட்டு வாசித்தேன். "இந்தப் புள்ள எங்க கூட மழையில உக்காந்து எங்களப் பத்தி எழுதிச்சு. அதப் பத்திச் சொல்ல ஆளு இல்லைங்கீங்க. நாங்க இருக்கோம்." கோட்டுக்குள் எழுத்து மறைந்த இடத்தில் கொஞ்சம் திக்கினேன். மதினியே எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது மகளின் புத்தகத்தைப் பற்றி நானும் இதை எழுதிவிட்டேன். தாய் எழுதினால் செல்லாது என்று தெரியும்.