பத்தொன்பதாவது நிமிடம்

முழங்கால் வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், அதை நம்ப உங்களுக்கு எத்தனை சான்று வேண்டும்?

நான் சொல்லப்போகிறவள், ஓடுபவர்களின் தசைகள் எப்போது வேலை செய்கின்றன, எப்போது ஏமாற்றுகின்றன என்று அளக்கும் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக இருப்பவள். தொடையை மழித்து, ஸ்பிரிட் தேய்த்து, தசையின் துடிப்பைப் பிடிக்கும் பட்டைகளை ஒட்டுவது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் ‘பட்டை அக்கா’. மாரத்தான் வீரர்கள் ரேசரைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்வதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று வந்தவள் ஒரு தபால்காரி. நெடுந்தூர ஓட்ட அணியில் இருப்பவள். ஏற்கெனவே இரண்டு முறை இதே கூடத்தில் சோதித்து, ‘குறையில்லை’ என்று அனுப்பியிருந்தார்கள். ‘வலி கற்பனை’ என்று பயிற்சியாளர் கோப்பில் எழுதிவிட்டார். இன்றும் அதே முடிவு வந்தால் அணியில் இடமில்லை.

“எப்ப வலிக்குது?”

“பதினெட்டு, இருபது நிமிஷம் ஓடினாத்தான்க்கா.”

“இங்க எவ்வளவு நேரம் ஓடினே?”

“மூணு நிமிஷம்.”

பட்டை அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று நிமிடம் என்பது கூடத்தின் விதி. பதினோரு வருடமாக அந்த அநியாயத்துக்கு அவளும்தானே பட்டை ஒட்டியிருக்கிறாள்!

தொடையிலும் இடுப்பிலும் பட்டை ஒட்டி, ஓடுபொறியில் ஏற்றிவிட்டாள். “ஓடு. வலிக்கிற வரைக்கும் ஓடு.”

பத்தாவது நிமிடம் கூடத்தின் மருத்துவர் எட்டிப்பார்த்தார். “நேரம் தாண்டிடுச்சே?”

“கால் இன்னும் பேசி முடிக்கல சார். உக்காருங்க.”

உட்கார்ந்தார். பத்தொன்பதாவது நிமிடம் திரையில் கோடு தடுமாறியது. இடுப்பின் பக்கத் தசை, பாதம் தரையைத் தொட்ட பிறகே சோம்பலாக விழித்தது; முழங்கால் அடிக்கு அடி உள்ளே சரிந்தது.

“அக்கா, வலிக்குது.”

“நல்லா வலிக்குதா?”

“சூப்பரா வலிக்குதுக்கா.” ஓடிக்கொண்டே சிரித்தாள்.

மருத்துவர் கைதட்டினார். பட்டை அக்கா குதித்தாள். ஒருத்தி வலியில் துடிக்க, அளக்க வந்த இருவருக்கும் மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

“நிறுத்தலாமாக்கா?”

“ஐயையோ, நிறுத்து தாயே.”

மருத்துவர் பயிற்சியாளருக்குப் போன் செய்தார். “அன்னைக்கு ஒண்ணும் தெரியலையே?” என்று மறுமுனை இழுத்தது. பட்டை அக்கா போனை வாங்கினாள்.

“மூணு நிமிஷம் படம் பார்த்துட்டு எழுந்து போனா கதை தெரியுமா சார்?”

கோப்பில் ‘கற்பனை’ அடிக்கப்பட்டது. இடுப்புக்கு ஆறு வாரப் பயிற்சி. அணியில் இடம் அப்படியே.

விதி மட்டும் இன்னும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதை மாற்றச் சொல்லி, அங்கே வேலை செய்யும் நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் இன்றே ஒன்று செய்யுங்கள்: வலிக்கிறது என்று உங்களிடம் சொன்னவளைக் கூப்பிட்டு, எப்போது என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.