செம்பி தூங்காத பின்னேரம்

இன்றோடு சரி என்று முடிவெடுத்துக்கொண்டுதான் அனற் அக்குறணை பஸ்ஸில் ஏறினாள். செம்பி இன்றைக்கும் யாருக்கும் வேண்டாதவளாக நின்றால், அடுத்த ஞாயிறு அவள் வரப்போவதில்லை.

செம்பி என்பது விளையாட்டில் அனற் ஏற்றிருக்கும் பாத்திரம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, பகடை உருட்டிப் பலனைப் பார்க்கும் விளையாட்டு அது. அஸீமின் பிளாஸ்டிக் சாமான் கடை மேல்மாடியில், வாளிகளுக்கும் பேசின்களுக்கும் நடுவே, ஐந்து வருடமாக ஞாயிறு பின்னேரங்களில் நடக்கிறது. கதை சொல்பவர் சுவக்கின், அனற் போகும் மாதா கோவிலில் ஓர்கன் வாசிப்பவர். பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் யுகேஷ்தான் மந்திரவாதி. அஸீம், மந்திரத்தால் காயம் ஆற்றும் வைத்தியர். செம்பியிடம் மந்திரம் கிடையாது. ஓர் ஈட்டி, இரண்டு கை, அவ்வளவுதான்.

அனற் அப்படித்தான் கேட்டு வாங்கினாள். அவள் கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். கவுண்டருக்கு வருகிறவர்கள் அவள் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாத்தயா இல்லையா?" என்று பெரிய அதிகாரியைக் கேட்பார்கள். அவர்களுடைய வேலையைக் கடைசியில் முடித்துக் கொடுப்பது இவள்தான். சக்தி என்று ஒன்றுமே இல்லாத ஒருத்தி முன்னால் நின்று நாலு பேரைக் காப்பாற்றுவதைப் பார்க்க அவளுக்கு ஆசை. முதல் வருடம் பார்த்தாள். பிறகு யுகேஷின் மந்திரவாதி வளர்ந்தான். பறந்தான், ஒரு சொல்லில் ஒரு படையை எரித்தான், பூட்டிய கதவை முறைத்தே திறந்தான். தன் முறை வரும்போது அனற், "நான் குத்துறேன்" என்பாள். அந்த நேரத்தில் யுகேஷ் போனைப் பார்ப்பான்.

போன கிழமை சுவக்கின் பாவம் பார்த்து செம்பிக்கு நெருப்புக் கக்கும் மந்திர ஈட்டி ஒன்றைக் கொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் அனற்றுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கதையிலேயே அதை ஆற்றில் வீசிவிட்டாள்.

இன்றைய கதையில் ஒரு பாலம். கொள்ளையர் துரத்த, ஓர் ஊர்ச் சனம் முழுவதும் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. கொள்ளையரின் முதல் கூட்டம் வந்ததுமே யுகேஷ் கையிலிருந்த நெருப்பு மந்திரத்தையெல்லாம் கொட்டி எரித்துத் தள்ளினான். செம்பி ஈட்டியை ஓங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அனற் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அஸீம் வழக்கம்போலக் கீழே போய் பிளேன்டீ கொண்டு வந்தார். "குடிங்க, சூடா ஈக்கிது." யுகேஷ் தன் தாளில், செலவழித்த மந்திரங்களின் மேல் போட்டிருந்த கோடுகளை அழிறப்பரால் அழிக்கத் தொடங்கினான்.

எத்தனையோ ஞாயிறு பார்த்த காட்சிதான். இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ஓர் இரவு முழுக்கத் தூங்கினால்தான் மந்திரம் திரும்பி வரும் என்பது விதி. ஆரம்பத்தில் யாரோ, நாம் டீ குடிக்கிற நேரத்தில் கதையில் உள்ளவர்கள் தூங்கட்டுமே என்று சொல்லப்போக, அதுவே வழமையாகிவிட்டது. சண்டை முடிந்தால் டீ வரும், டீ முடிந்தால் கதையில் விடிந்துவிடும். இத்தனை நாளாக இந்தப் பாழாய்ப்போன டீதான் செம்பியை மூலையில் உட்கார வைத்திருக்கிறது.

"யுகேஷ், அழிக்காதீங்க."

"ஏன்க்கா?"

"யாரு தூங்கினது? சனம் பாலத்துல நிக்குது, அடுத்த கூட்டம் வருது. இதுக்குள்ள எங்க பாய் விரிச்சீங்க?"

யுகேஷின் முகம் மாறியது. "டீ குடிச்சா தூங்கின மாதிரிதானே. எப்பவும் அப்படித்தானே செய்றோம். நான் இல்லாம நீங்க ஒரு சண்டையாவது ஜெயிச்சிருக்கீங்களா?"

அந்தச் சொல் அவளைச் சுட்டது, கண் கலங்கியது. விட்டுவிடலாமா என்று நினைத்தாள். "அதைத்தான் நானும் பார்க்கணும்ங்கிறேன்," என்றாள். "சுவக்கின் அண்ணே, டீ குடிப்போம். தூங்க வேணாம்."

"அப்ப தீந்துபோன என்ட மந்திரமும் திரும்பி வராதே," என்றார் அஸீம், கோப்பைக்குள் பார்த்தபடி.

சுவக்கின் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். சரி என்றால் யுகேஷ் எழுந்து போய்விடக்கூடும், முடியாது என்றால் அனற் போய்விடுவாள். மடியிலிருந்த கைப்பையை அவரும் கவனித்திருந்தார்.

"கொள்ளையர்ட பறைச் சத்தம் கேக்குது," என்றார் கடைசியில். "யாரும் தூங்கல."

யுகேஷ் அழிறப்பரை மேசையில் வீசினான். ஆனால் எழும்பவில்லை. அவனிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு மந்திரம், பறப்பதற்கு.

இரண்டாவது கூட்டம் வந்தது. செம்பி பாலத்தின் நடுவில் நின்றாள்.

"நான் குத்துறேன்."

பகடை நன்றாக விழுந்தது. முன்னால் வந்தவன் ஆற்றில் விழுந்தான். அடுத்தவனும் விழுந்தான். செம்பியின் தோளில் ஒரு வெட்டு, தொடையில் ஒரு வெட்டு. அஸீம் டீயை மறந்துவிட்டார். யுகேஷின் போன் கவிழ்ந்து கிடந்தது. பிறகு சுவக்கின் உருட்டினார், பார்த்தார், குரல் இறங்கியது.

"செம்பி விழுந்துட்டா. உயிர் இருக்கு, எந்திரிக்க முடியல. பாலத்துல இன்னும் சனம் இருக்கு."

அனற்றால் செய்ய ஒன்றுமில்லை. இனி யுகேஷின் முறை. அவன் பறந்து தப்பலாம், விதிப்படி யாரும் குறை சொல்லவும் முடியாது.

யுகேஷ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "செம்பியோட ஈட்டி எங்க கிடக்கு?"

"உங்க காலடியில."

"எடுக்கிறேன். அவளத் தாண்டி முன்னால போய் நிக்கிறேன்."

உருட்டினான். இருபது முகப் பகடையில் நாலுதான் விழுந்தது.

"படல," என்றார் சுவக்கின். "எதிர்ல நின்ன கொள்ளையன் உங்க விலாவில வெட்டிட்டான். இன்னொரு வெட்டு தாங்க மாட்டீங்க. பின்னால ஒரு தாயும் பிள்ளையும் மட்டும் மிச்சம். நீங்க இப்பவும் பறக்கலாம்."

யுகேஷ் பகடையைக் கையில் எடுத்தான். அனற்றைப் பார்த்தான்.

"நான் குத்துறேன்," என்றான்.

அனற் மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள்.