பொன்னுசாமி பேருக்கு வந்த சம்மன்

தங்கராசுவுக்குப் பள்ளிக்கூடம் ரெண்டாங்கிளாஸோடு சரி. ஆனால் கையெழுத்து விஷயத்தில் அவரை யாராலும் அசைக்க முடியாது. கல் உடைக்கப் போன இடத்தில் கரித்துண்டால் பாறையில் எழுதி எழுதிப் பழகிய கையெழுத்து அது. அவருடைய அப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லோருக்கும் கட்டைவிரல்தான். கூலிக்கு மூட்டை ஏற்றிய தங்கராசு சொந்தமாக ஒரு ஜோடி மாடும் வண்டியும் சேர்த்து, செஞ்சிக்குள்ளேயே ஓட்டு வீடு பார்த்துக் குடி வந்துவிட்டார். இதெல்லாம் சும்மா வருமா? முதுகு தேய உழைத்தவனுக்குத்தான் தெரியும்.

அறுபத்து நாலாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். வாசலில் கோர்ட்டு அமீனா சம்மன் காகிதத்தோடு வந்து நின்றார்.

"பொன்னுசாமி வீடு இதானே?"

பொன்னுசாமி அந்த வீட்டில் முன்னால் குடியிருந்தவர். சம்சாரம் செத்த பிறகு காலி செய்துவிட்டுப் போனார். போய் ஆறேழு மாசம் இருக்கும்.

"அவுரு இருந்த வீடுதான். இப்ப நான் இருக்கிறேன்."

"நீ அவருக்கு இன்னா வேணும்?"

"ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான். இன்னா சேதி, சொல்லுங்க."

அந்தப் பக்கத்து ஜனங்களில் 'அவர் எனக்கு யாருமில்லை' என்று ஒருத்தரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவமரியாதை. அடுத்தவருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையோ பலகாரமோ, வாங்கி வைத்து ஆள் வரும்போது கொடுப்பதுதான் வழக்கம். அமீனா என்னமோ எழுதிக்கொண்டு, கைநாட்டு வாங்க மைப்பெட்டியைத் திறந்தார்.

தங்கராசுவுக்குச் சுருக்கென்றது. "அத்த உள்ள வைங்க சார். பேனாவக் குடுங்க."

தெருவே பார்க்கிற மாதிரி வாசற்படியில் காகிதத்தை வைத்து, 'வே. தங்கராசு' என்று நிறுத்தி நிதானமாகப் போட்டுக் கொடுத்தார்.

அமீனா தெருக்கோடிக்குப் போனதும், டீக்கடை மறைவிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்து அவரோடு சேர்ந்து நடந்தான். பொன்னுசாமியின் சித்தப்பா மகன் தனகோட்டி. வீட்டை அடையாளம் காட்டக் கூட வந்தவன் அவன்தான். தங்கராசு கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிச்சியா, இன்னா எழுதியிருக்குது?" என்று உள்ளேயிருந்து வந்தாள் அவர் பெண்சாதி பூவாயி.

"கோர்ட்டுத் தமிழ். நமக்கு ஓடாது."

"ஓடாததுக்குத்தான் ஓடிப் போயி கையெழுத்துப் போட்டியா?"

சாயங்காலம், வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டிக்குப் போனார். மண்டிக்காரர் சீதளநாதன் நைனார், ஜைனர். தங்கராசு வண்டி ஓட்டுவது அவருக்குத்தான். பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிட வேண்டியவர். கையலம்பிவிட்டு இலைக்கு முன்னால் உட்காரப் போனவர், தங்கராசு நின்ற நிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து காகிதத்தை வாங்கிப் படித்தார்.

"பனமலை ஏரிக்குக் கீழ பொன்னுசாமிக்கு கெணத்தோட நெலம் இருக்குதில்ல, அது தனக்குச் சேரணும்னு தனகோட்டி கேஸ் போட்டிருக்கான். வெள்ளிக்கிழம பத்து மணிக்கு திண்டிவனம் கோர்ட்டுல பொன்னுசாமி நிக்கணும். நிக்காட்டி ஒருதலையாத் தீர்ப்பு ஆயிடும். யாரு இத வாங்கனது?"

"நான்தான் நைனாரே."

"ஆளு இங்க இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அமீனா திருப்பி எடுத்துனு போயிருப்பான். வேற தேதி கெடைச்சிருக்கும். நீ வாங்கனதால பொன்னுசாமிக்கே சேர்ந்த கணக்கு ஆயிடுச்சு. ஒன்ன அவன் தம்பின்னு எழுதியிருப்பான்."

"இலையில ஈ மொய்க்குது, வெளக்கு வெக்கற நேரமாச்சு" என்று உள்ளேயிருந்து நைனார் சம்சாரம் ஜெயமாலா அம்மாள் குரல் கொடுத்தாள். நைனார் சாப்பிடப் போய்விட்டார். தங்கராசு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் காகிதத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுப்புல போட்டுடு, ஆருக்குத் தெரியப் போவுது" என்றாள் பூவாயி.

"காயிதம் எரியும். கோர்ட்டுல இருக்கிற கையெழுத்து எரியுமா?"

மறுநாள் மண்டி வாசலுக்குத் தனகோட்டியே வந்தான்.

"மாமா, ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குதாமே, அமீனா சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு. சேர வேண்டியது சேர்ந்துடுச்சி. இனிமே எதுக்கு நீங்க அவர வெயில்ல தேடினு அலையணும்?"

தங்கராசு மாட்டை ஓட்டினார்.

பொன்னுசாமி எங்கே தங்குகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அமாவாசை தவறாமல் மேல்மலையனூரில் எலுமிச்சம்பழக் கடை போடுவார் என்று நைனார் கேள்விப்பட்டிருந்தார். வியாழக்கிழமை அமாவாசை. தங்கராசு ஸ்பெஷல் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினார். அங்காளம்மன் கோயிலைச் சுற்றி எங்கே பார்த்தாலும் எலுமிச்சம்பழக் குவியல், உப்பு மிளகுப் பொட்டலம், தலைவிரித்து ஆடுகிற பொம்பளைகள். ஒவ்வொரு குவியலுக்கும் பின்னால் இருக்கிற முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனார். வெயில் சாய்கிற நேரத்துக்குத்தான் பொன்னுசாமி கண்ணில் பட்டார்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு காயிதம்."

விஷயம் முழுசையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொன்னுசாமி பழத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கையெழுத்துப் போட்டது ஆரு?"

அமீனாவே போட்டுக்கொண்டான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்து போனது.

"நான்தாண்ணே."

"எந்தூரு கலெக்டருடா நீ?" பொன்னுசாமி குரலே உயர்த்தவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. "எங்க ஆத்தா மண்ணு சொமந்து வெட்ன கெணறு அது."

"இப்பவே கெளம்புங்கண்ணே."

"ராத்திரிதான் கூட்டமே. இத்தினி பழத்த ஆருகிட்ட வுடறது? விடிஞ்சதும் மொத பஸ்ஸுல நேரா கோர்ட்டுக்கு வந்துடறேன். நீ காயிதத்த எடுத்துனு முன்னாடி போ."

நைனார் சொல்லிவிட்ட வக்கீல் சுந்தரமூர்த்தியிடம் வெள்ளிக்கிழமை காலையில் போய் நின்றார் தங்கராசு. வக்கீல் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "ஆள் எங்கே? வக்காலத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். உன் கையெழுத்து இதுக்கு ஆகாதுய்யா" என்றார்.

பத்து மணி ஆயிற்று. பொன்னுசாமி வரவில்லை. அமாவாசைக் கூட்டம் முழுக்க அந்தக் காலை பஸ்ஸுக்குத்தானே அடித்துக்கொள்ளும்? இது ஏன் நேற்று நமக்குத் தோன்றவில்லை என்று தங்கராசு தன்னையே திட்டிக்கொண்டார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ரோட்டுக்கு ஓடினார். எதிரே வேப்பமரத்தடியில் தனகோட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலி வராந்தாவுக்கு வந்து கூப்பிட்டான். "பனமலை பொன்னுசாமி!"

ரெண்டாம் தரம் கூப்பிட்டான். மூணாம் தரம் வாயைத் திறக்குமுன் தங்கராசு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"நீதான் பொன்னுசாமியா?" என்றார் நீதிபதி.

"இல்லீங்க எசமான். நான் அவருக்கு ஒறவும் இல்லீங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னு வாய் வார்த்தைக்குச் சொன்னேன், தம்பின்னு எழுதிட்டாங்க. படிக்கத் தெரியாத காயிதத்துல கையெழுத்துப் போட்டவன் நான்தான். அவருக்கு நேத்துதான் சேதி தெரியும். வழியில வந்துனு இருக்காரு."

கோர்ட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஆயுசில் முதல் தடவையாக, அத்தனை பேர் முன்னால், தனக்குப் படிக்கத் தெரியாது என்று அவர் சொன்னார். நீதிபதி சிரிக்கவில்லை. காகிதத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "மத்தியானம் மறுபடி கூப்பிடுங்கள்" என்றார்.

பொன்னுசாமி உச்சிவேளைக்கு ஒரு நெல் லாரியிலிருந்து குதித்தார். தலையெல்லாம் உமித்தூசு. வக்காலத்தில் கட்டைவிரலை அழுத்தினார். பதில் சொல்ல ஒரு மாசம் வாய்தா கிடைத்தது.

செஞ்சி பஸ்ஸில் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். வல்லம் தாண்டின பிறகுதான் பொன்னுசாமி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"அடுத்த வாய்தாவுக்கும் நீ வரணும்."

"நான் எதுக்குண்ணே?"

"நான் வர்ற வரிக்கும் அவங்கள நிறுத்தி வெக்க ஒரு ஆளு வேணும்ல."

கேஸ் ரெண்டு வருஷம் இழுத்தது. வண்டி வாடகை போனாலும் போகட்டும் என்று தங்கராசு ஒரு வாய்தாவும் விடாமல் போய் அந்த வராந்தாவில் நின்றார். டவாலி வெளியே வரும்போதெல்லாம், பொன்னுசாமி வந்துவிட்டாரா என்று ரோட்டை எட்டிப் பார்த்துக்கொள்வார்.