போனக்காட்டு பஸ்ஸும் அயர்லாந்துப் புயலும்

இந்த வலைப்பதிவைப் படிக்கிறவர்கள் விடாமல் கேட்கும் ஊர் போனக்காடு. "அந்தப் பேய் பங்களாவைப் பற்றி எழுதுங்களேன்" என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது வந்துவிடும். நான் பதில் போட்டதே இல்லை, ஏனென்றால் அது நான் பிறந்த ஊர். தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அதில் இரண்டாவது வரிசை, மூன்றாவது கதவு எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பெற்றவர்களைப் பார்க்கப் போவதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று இருந்துவிட்டேன். இந்த ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை போய்வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போனதற்குக் காரணம் ஒரு புயல். நம் கடலில் இல்லை, அட்லாண்டிக்கில். என் தங்கை வசந்தி அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அந்தப் புயலுக்கு அழகாக ஒரு பெயர் வேறு வைத்திருந்தார்கள். அந்தச் சனியனின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. திங்களன்று அது நடுக்கடலில் ஒரு சுழி. செவ்வாயன்று அயர்லாந்தைப் பார்த்து ஓர் அம்புக்குறி. புதனன்று வசந்தி இருக்கும் கரைக்கே சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டது: வியாழன் நண்பகல் முதல் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. நம் கணக்கில் மாலை ஐந்தரை. கழக்கூட்டம் ஐடி பார்க்கில் என் அலுவலகத்தில் ஒரு திரையில் வேலையும் இன்னொன்றில் காற்று வரைபடமுமாக உட்கார்ந்திருந்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் தாண்டி அது ஊதா நிறத்துக்குப் போயிருந்தது. இது எந்த ப்ராஜெக்ட் என்று மேனேஜர் கேட்டார். நாளைக்கு லீவு வேண்டும் என்றேன்.

வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் பெரிய பயமில்லை. வசந்தி இருப்பது வீட்டில் இல்லை. அந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரு பெரிய கல்வீட்டின் பின்னால் நிறுத்தியிருக்கும் கேரவனில், சக்கரம் வைத்த தகர அறையில் குடியிருக்கிறாள். கல்வீட்டில் வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். இதுதான் நான் இருக்கும் வீடு என்று அம்மா அப்பாவுக்கு அவள் அனுப்பிய படம் கல்வீட்டின் படம்தான். கேரவன் விஷயம் எனக்கு மட்டும் தெரியும், சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

புதன் மாலை மூன்று தடவை போன் செய்தேன். காற்று அடங்கும்வரை உள்ளே படுத்துக்கொள்ளலாமா என்று அந்த அம்மாவிடம் கேள் என்று கெஞ்சினேன், திட்டினேன். "கேட்டு இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா அப்புறம் அந்த வாசல்ல எப்படிக்கா நடப்பேன்? ஒண்ணும் ஆகாது, போனை வை" என்றாள். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் ஆகாதாம். அவள் உலகத்தில் ஒரே ஒருத்தி சொன்னால்தான் கேட்பாள், அது அம்மா. அம்மாவோ சிக்னல் இல்லாத மலையில். சத்தியத்தை மீறி உண்மையைச் சொல்லி, அம்மாவைச் சிக்னல் உள்ள இடத்துக்கு இறக்கி, மாலை ஐந்தரைக்குள் பேச வைக்க வேண்டும். இதுதான் திட்டம்.

வாடகைக் காருக்கு இரண்டு பேரைக் கேட்டேன். செக்போஸ்டுக்கு மேலே சாலை இருக்கும் லட்சணத்தில் வரமாட்டோம் என்றார்கள். ஆகவே பஸ். காலை ஆறு மணிக்குக் கழக்கூட்டத்தில் ஏறி, தம்பானூர் பஸ் நிலையத்தில் மாறினேன். அங்கிருந்து போனக்காடு அறுபது கிலோமீட்டர். நெடுமங்காடு வரை ஊர்வலம்போல் போக்குவரத்து, அதன்பின் ரப்பர் தோட்டங்கள், ஒன்பதேகாலுக்கு விதுரா. மொத்தச் செலவு நூற்றுச் சொச்சம் ரூபாய்தான். மேலே போகும் பஸ் பத்து மணிக்கு என்றார்கள். பழம்பொரி என்னும் வாழைப்பழ பஜ்ஜியும் பால் விடாத கட்டன் சாயாவும் வாங்கிவிட்டுப் பழம்பொரியைக் கையிலேயே ஆறவிட்டேன். கண் முழுவதும் போனில் இருந்தது. புயல் இன்னும் வேகம் பிடித்திருந்தது. ஒரு மணிநேரம் முன்னதாகவே வரலாம் என்று புதிதாக ஒரு வரி போட்டிருந்தார்கள்.

விதுராவிலிருந்து மேலே இருபது கிலோமீட்டர். காணித்தடம் செக்போஸ்டில் வனத்துறையினர் பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தார்கள், வெளியூர்க்காரர்களிடம் அனுமதி கேட்டார்கள். அதற்கு மேல் போனில் ஒரு கோடும் இல்லை. வரைபடம் கடைசியாக வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதையே விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சேச்சி, "எந்தா மோளே, போன் கேடாயோ?" என்று கேட்டார். கேடு போனுக்கு இல்லை.

பதினொரு மணி இருக்கும். ஒரு கொண்டைஊசி வளைவில் எங்கள் பஸ் நின்றது. எதிரே கீழே இறங்கும் பஸ். அந்தச் சாலையில் இரண்டு பஸ் சேர்ந்தாற்போல் போக முடியாது. எங்கள் டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்து, இடதுபுறம் மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தினார். கதவைத் திறக்கக்கூட இடமில்லை. அந்த பஸ் அங்குலம் அங்குலமாக எங்கள் வலதுபக்கம் உரசிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு முழ தூரம். மூன்றாவது ஜன்னலில், கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில், மடியில் பையோடு அம்மா. பக்கத்தில் அப்பா.

சிக்னல் இல்லாத ஊரானாலும் டிவி உண்டு. மலையாளச் சேனலில் அயர்லாந்துப் புயலைக் காட்டியிருக்கிறார்கள். வசந்திக்கு என்ன ஆயிற்றோ என்று என்னைத் தேடி அவர்கள் இறங்குகிறார்கள், அவர்களைத் தேடி நான் ஏறுகிறேன். போனில் கேட்டுவிட்டுக் கிளம்ப எங்கள் வீட்டில் யாருக்கும் வழியில்லை.

"ஏட்டி ஜெயா, நீ எங்க வார? டிவில காணிச்சான், வசந்தி ஊர்ல கொடுங்காத்துன்னு" என்றாள் அம்மா.

நயமாகச் சொல்லப் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா, வசந்தி அந்தக் கல்லு வீட்டுல இல்ல. அதுக்குப் பின்னால ஒரு தகர வண்டிக்குள்ள இருக்கா. காத்து வந்தா தாங்காது. வீட்டுக்காரம்மாகிட்ட உள்ள இடம் கேளுன்னா கேக்க மாட்டேங்கா. நீ சொன்னாத்தான் கேப்பா." இரண்டு பஸ்ஸும் கேட்டுக்கொண்டிருந்தன. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினாள்.

அந்தக் கையில் என் போனைக் கொடுத்தேன். மூன்று நாளாக என்னைவிட்டுப் பிரியாத போன். அந்த பஸ்ஸின் கண்டக்டர் ஒரு பெண், எட்டிப் பார்த்து லாக் நம்பர் என்ன என்று கேட்டார். வசந்தி பிறந்த தேதி என்று கத்தினேன், அம்மாவுக்குத் தெரியும். பஸ் வளைவில் திரும்பி இறங்கிவிட்டது.

இனி நான் மேலே போய் என்ன செய்ய? காட்டுக்குள் இறக்கிவிட மாட்டேன் என்றார் எங்கள் கண்டக்டர், யானை நடமாட்டம். நியாயம்தான். போனக்காட்டில் போய் இறங்கினேன். இதே பஸ் இரண்டு மணிக்குத்தான் திரும்புமாம். டிரைவர் சாப்பிட வேண்டும், அதன்பின் படுக்கவும் வேண்டும். போன் இல்லை, கையில் கடிகாரம் கட்டுவதை எப்போதோ விட்டாயிற்று. வாழ்க்கையில் இவ்வளவு நீளமான மத்தியானத்தை நான் கண்டதில்லை.

வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், பிரேம் போட்டு, அயர்லாந்துக் கல்வீட்டின் படம். அங்கே நிற்க முடியாமல் நடந்தேன். நீங்கள் கேட்ட ஊர் இதோ: இயந்திரங்கள் நின்று வருடங்களான தேயிலைத் தொழிற்சாலை, உடைந்த கண்ணாடிகள், வெட்ட ஆளில்லாமல் மரமாகிவிட்ட தேயிலைச் செடிகள். அகத்தியர்கூடம் சிகரம் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. காற்று ஜில்லென்று, இலை அசையாமல் இருந்தது. உலகத்தில் புயல் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

கால் கொண்டுபோய் விட்ட இடம் பங்களா. பேய் எல்லாம் ஒன்றும் இல்லை. தோட்டத்து மேலாளர்கள் இருந்த வீடு, இப்போது கூரை இல்லை. வீடியோ எடுக்க நான்கு பையன்கள் வந்திருந்தார்கள். மணி கேட்டேன், பன்னிரண்டரை என்றார்கள். நான் படியில் உட்கார்ந்ததும், சேச்சி கொஞ்சம் நகருங்கள், பிரேமில் வருகிறீர்கள் என்றார்கள். நகர முடியாது என்றேன். அந்தப் படியில் நான் உட்காருவது அதுதான் முதல் தடவை.

லயத்துப் பிள்ளைகள் பங்களாப் படி ஏறக்கூடாது. அப்பா லீவு கேட்பதானாலும் கீழே முற்றத்தில் நின்றுதான் குரல் கொடுப்பார். வசந்தி ஆறு வயதில் ஒரு பூனைக்குட்டியைத் துரத்திக்கொண்டு இந்தப் படியில் ஏறிவிட்டாள். அம்மா எல்லார் முன்னாலும் கொய்யாக் கம்பால் அடித்தாள். "அவங்க படி ஏறுவியா, ஏறுவியா" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். வசந்தி ஏன் அந்தக் கதவைத் தட்டமாட்டேன் என்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. நானோ அவளைப் படியேறச் சொல்லும் வேலையை, படியேறாதே என்று அடித்தவளிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பெரிய இடத்தில் போய் அவமானப்படாதே, சாமி காப்பாற்றும், அங்கேயே இரு என்று அம்மா சொல்லிவிட்டால்? வசந்தி கேட்பாள். அம்மா சொன்னால் எதையும் கேட்பாள்.

இரண்டு மணிக்கு டிரைவரை எழுப்பியது நான்தான். மூன்றேகாலுக்கு விதுரா. பஸ் நிலையத்துக்கு எதிரே சாயாக்கடையில் அம்மா என் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முதலில் எனக்குத்தான் திட்டு கிடைத்தது. "மறைச்சியே ஏட்டி, எங்கிட்ட மறைச்சியே" என்று சொல்லி அழுதாள். நடந்ததை அப்பா சொன்னார்.

செக்போஸ்டைத் தாண்டி சிக்னல் வந்த இடத்தில் டிரைவர் தானே பஸ்ஸை ஓரம்கட்டியிருக்கிறார். கண்டக்டர் போன் போட்டுக் கொடுத்து, அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரிலும் வைத்திருக்கிறார். அங்கே விடியாத ஆறு மணி. வசந்தி தூக்கக் கலக்கத்தில், அந்த அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்றிருக்கிறாள். விளக்கு எரிகிறதா பார் என்றிருக்கிறாள் அம்மா. அடுக்களையில் எரிகிறதாம்.

"அப்போ போ. படியேறிக் கதவத் தட்டு. எனக்கு இங்க சத்தம் கேக்கணும்."

வசந்தி, "நீதானம்மா படியேறினேன்னு அடிச்ச" என்றாளாம்.

"அடிச்சவதான் சொல்லுதேன். ஏறு."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் போன் பக்கம் சாய்ந்துகொண்டார்கள் என்றார் அப்பா. சரளைக்கல்லில் நடக்கும் சத்தம் வந்ததாம். அப்புறம் காற்று. அப்புறம் கதவு தட்டும் சத்தம், மூன்று தடவை. கதவு திறந்து ஒரு வயதான குரல் என்னவோ சொல்ல, வசந்தி அழ ஆரம்பித்துவிட்டாளாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்டக்டர்தான் சொல்லியிருக்கிறார்: வீட்டுக்காரம்மா நேற்றே மாடியில் படுக்கை விரித்து வைத்திருக்கிறார், கூப்பிட்டால் இந்தப் பெண் தப்பாக நினைக்குமோ என்று இருந்துவிட்டார். அதன்பிறகுதான் டிரைவர் பஸ்ஸை எடுத்தாராம்.

இருவரையும் கழக்கூட்டத்துக்குக் கூட்டிவந்தேன். சாயங்காலம் காற்று தொடங்கியதாக ஒரு செய்தி வந்தது, பிறகு அங்கே மின்சாரமும் போனும் போய்விட்டன. வரைபடத்தை நான் திறக்கவில்லை, அம்மா விடவில்லை. மறுநாள் மதியம் வசந்தி படம் அனுப்பினாள். பக்கத்து வயலில் கேரவன் கவிழ்ந்து கிடக்கிறது, ஒரு பக்கச் சுவரே இல்லை. அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா பார்க்கவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: வனத்துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பஸ் நேரம் மாறும், விதுராவில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். மேலே ஹோட்டல் இல்லை, சாப்பாடு கையில் இருக்கட்டும். அட்டை கடிக்கும். செக்போஸ்டுக்கு மேல் சிக்னல் கிடையாது, யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கீழேயே சொல்லிவிட்டு ஏறுங்கள். பங்களாவில் பேய் தேடி முடித்ததும் லயத்துக்கு வாருங்கள். இரண்டாவது வரிசை, மூன்றாவது கதவு. அம்மா கட்டன் சாயா தருவாள். கல்வீட்டுப் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. கழற்றிவிடலாமே, அது வசந்தி இருந்த வீடு இல்லையே என்று கேட்டுப் பார்த்தேன், விடவில்லை. வருகிறவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, படத்தில் வாசலுக்குக் கீழே இருக்கும் படிகளை விரலால் தொட்டுக் காட்டுகிறாள்.

"இதுலதான் எம்மவ ஏறினா."