அப்பா பிடி போட்ட குண்டு அச்சு

இரும்பும் இரும்பும் உள்ளபடி பொருந்தினால் கணீரென்று ஒலிக்காது. கனமான புத்தகத்தை மூடினது போல ‘டப்’ என்று மெத்தென ஒரு சத்தம் வரும். அந்தமானின் லாங் ஐலண்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரச் சாய்ப்பில், அந்த ஒரு சத்தத்துக்காக அப்பா மூன்று வாரம் மெனக்கெட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மழை ஓய்ந்து கடல் தெளியத் தொடங்கியிருந்த நாட்கள்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தீவுக்கு வந்தவர். ‘டுங்கி’ என்று தீவில் சொல்கிற சின்னப் படகில் போய், தூண்டில் கயிறு விட்டுக் களவாவும் மற்றப் பாறை மீன்களும் பிடிப்பார். எங்கள் கடலின் அடியெல்லாம் பவளப்பாறை. தூண்டிலைக் கீழே இழுத்துப் போகிற ஈயக் குண்டு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் கயிறு அறும், குண்டு போனது போனதுதான். புதுக் குண்டு போர்ட் பிளேயரிலிருந்து கப்பலில் வர வேண்டும். அந்தக் கப்பலோ நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. குண்டு தீர்ந்துபோன நாட்களில் அப்பா போல்ட்டையும் கூழாங்கல்லையும் கட்டிப் பார்ப்பார். நீரோட்டம் அதையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விடும். வெறுங்கையோடு திரும்பி வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அப்படி இருக்கையில்தான் ஒருமுறை போர்ட் பிளேயர் போனவர் ‘கபாடி’ கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், துப்பாக்கிக் குண்டு வார்க்கிற அச்சு ஒன்றை வாங்கி வந்தார். எந்தக் காலத்துத் துப்பாக்கிக்கோ, யார் வைத்திருந்ததோ, கடைக்காரருக்கே தெரியவில்லையாம். இரண்டு இரும்புக் கட்டிகள். அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்தால் நடுவில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி, மேலே ஈயம் ஊற்ற ஒரு வாய். ஊற்றிய சூட்டோடு அந்த வாயில் ஒரு செப்புக் கம்பி வளையத்தைச் செருகிவிட்டால் துப்பாக்கிக் குண்டு தூண்டில் குண்டாகிவிடும் என்பது அப்பாவின் யோசனை. உடைந்த பேட்டரிகளின் புண்ணியத்தில் தீவில் ஈயத்துக்குப் பஞ்சமில்லை. அச்சுக்குக் கைப்பிடி இல்லை என்பதுதான் ஒரே குறை. சூடான இரும்பை வெறுங்கையால் பிடிக்க முடியுமா?

பிடி கிடைத்தது ஒரு தனிக் கூத்து. ஒரு பக்கத்துக்கு அம்மாவின் அடுப்பு இடுக்கியில் பாதி. கேட்காமல் எடுத்தது, அதற்கு ஒரு சண்டை. மறுபக்கத்துக்கு, தையல்காரர் தூக்கிப் போட்ட பெரிய கத்தரிக்கோலின் ஒரு கால். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. இரண்டையும் கத்தரிக்கோல் போல நடுவில் ஓர் ஆணியில் கோத்து, நுனிகளில் மரம் செருகினார்; ஒன்றில் நாங்கள் ‘காக்கா’ என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் கொடுத்த சிவப்புப் படாக் மரத்துண்டு, மற்றதில் உடைந்த துடுப்பின் முனை. சதுப்பில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்துப்போய் ஓடுகிற நண்டு உண்டே, அதுபோல இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

முதலில் கட்டிகளைப் பிடிகளோடு இறுக்கி ரிவிட் அடித்தார். மூடினால் ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் முடி நுழைகிற சந்து விழும். கழற்றினார், அரத்தால் ராவினார், மறுபடி அடித்தார். சந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குடிபோனது, அவ்வளவுதான். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ரிவிட்டைத் தட்டி எடுத்து, ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கட்டிகள் பிடியில் லேசாக ஆடும்படி விட்டார். சலித்துப்போய்க் கைவிட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

“ஆடட்டும்,” என்றார் அப்பா. “பிடி எப்படிக் கோணுனா என்ன? அதுங்க ரெண்டும் தன்னால ஒண்ணையொண்ணு தேடிப் பிடிச்சுக்கிடும்.”

மூடினார். அந்தச் சத்தம் வந்தது. சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்டினார், மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. நீளமும் குட்டையுமாக இரண்டு பிடிகள் ஆளுக்கொரு பக்கம் கோணிக்கொண்டு நிற்க, நடுவில் இரும்பு ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. பூசையில் நற்கருணையை உயர்த்தும்போது வர வேண்டும் என்று உபதேச வகுப்பில் சொல்லித் தந்த பயபக்தி, எனக்கு முதல்முதலாக வந்தது அந்தத் தகரச் சாய்ப்பில்தான்.

அம்மாவுக்கு அச்சைக் கண்டாலே ஆகாது. எத்தனை உயிர் குடித்த ‘பந்தூக் சாமானோ’, துப்பாக்கிச் சாமான் நம் வீட்டுக்கு எதற்கு என்று முதல் நாளிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் புது வலையோ புதுப் படகோ எதுவானாலும் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் கடலில் இறக்க மாட்டார்கள். இதையும் மந்திரித்த பிறகுதான் அடுப்பில் ஈயம் ஏற வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சாமியாரோ மாதம் ஒருமுறை படகில் வருபவர். அவர் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அப்பாவுக்கு இரண்டு நாள்கூடப் பொறுக்கவில்லை.

அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் விறகடுப்பில் ஈயம் உருகியது. ஈயம் ஒட்டாமலிருக்க அச்சின் குழிக்கு மண்ணெண்ணெய் விளக்கின் புகை காட்டி, வெயிலில் காயவைத்து, மூடிக் கல்மேல் நிறுத்திவிட்டு அப்பா கரண்டியை எடுக்கத் திரும்பினார். எனக்கு இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிட வேண்டும் என்று பெரிய மனுஷி நினைப்பு. மாதா படத்தடியில் இருந்த தீர்த்த பாட்டிலை முன்னமே எடுத்துப் பாவாடை மடிப்பில் வைத்திருந்தேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே என்று மனதுக்குள் சொல்லி, அச்சின் வாயில் மூன்று சொட்டு விட்டேன். வேறு யாராவது பிடி போட்ட அச்சாக இருந்திருந்தால் சந்து வழியே ஒழுகிப் போயிருக்கும். அப்பாவின் அச்சில் ஒரு சொட்டும் கசியவில்லை.

அப்பா ஒரு கையில் அச்சைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கரண்டியிலிருந்து ஊற்றினார். ஈயம் உள்ளே போனதுதான் தாமதம், பட்டாசு போல வெடித்தது. உருகிய ஈயம் தண்ணீரைத் தொட்டால் சீறிக் கிளம்பும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளைத் துளிகள் கூரைத் தகரம் வரை போய் ஒட்டின. அப்பாவின் முழங்கையிலும் நெற்றியிலும் இடது புருவத்துக்குக் கீழேயும் பட்டது. அவர் அலறவில்லை, பிடியை விடவுமில்லை. கரண்டியில் இன்னும் ஈயம் இருந்தது. கை உதறினால் தெறிக்கிற தூரத்தில் நான் நின்றிருந்தேன். இரண்டு கைகளையும் அசைக்காமல் மெல்லக் குனிந்து, கரண்டியை மணலில் வைத்து, அச்சைக் கல்மேல் வைத்து, அதற்கப்புறம்தான் கண்ணைப் பொத்தினார்.

கண் தப்பியது நூலிழையில் என்றார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அம்மா அழுது ஓய்ந்த பிறகு, அந்தச் சாமானைக் கடலில் போடாமல் இந்த வீட்டில் உலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறந்தால் அச்சு பிழைக்கும், அப்பாவின் பிழைப்பும் பிழைக்கும். ஆனால் அப்பாவின் கண்ணைக் கெடுக்கப் பார்த்தவள் நான்தான் என்றாகிவிடும். தொண்டை வரை வந்ததை ஒவ்வொரு முறையும் விழுங்கினேன். அப்பா இடது கண்ணில் கட்டோடு, ஒற்றைக் கண்ணால் பிடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேலையில்தான் பிழை என்று நினைக்கிறாரோ என்று அது வேறு என்னை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்குப் போனோம். அப்பா அச்சைச் சாக்கிலிருந்து எடுத்து, ஒருமுறை திறந்து மூடிப் பார்த்து, அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எறிந்தாள். திரும்பும்போது அம்மா முன்னால் வேகமாக நடக்க, அப்பா என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“இனிமே ஈயத்துகிட்ட தண்ணி கொண்டு போவாத, என்னம்மா.”

வெடித்தபோது பாட்டில் மூடி என் கையிலேயே இருந்ததைப் பார்த்திருப்பார் போலும். திட்டவில்லை, அதன்பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பழையபடி போல்ட்டும் கல்லும் கட்டிக்கொண்டு டுங்கியில் போனார், பல நாள் வெறுங்கையோடு வந்தார்.

இப்போது நான் போர்ட் பிளேயரில், மின்னி பே என்கிற பகுதியில் இருக்கிறேன். அம்மா என்னோடு. அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. லாங் ஐலண்ட் வீட்டில் அந்தச் சாய்ப்பும் இல்லை, டுங்கியும் இல்லை. தூண்டில் குண்டு இங்கே கடைகளில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது, ஒரே அளவில், ஒரே பளபளப்பில். இடுக்கியையும் கத்தரிக்கோலையும் ஒன்றாகச் சேர்த்துவைக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

போன மாதம் அம்மா என் பிள்ளைகளுக்குப் ‘பந்தூக் சாமான்’ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் அதைக் கடலில் எறிந்ததால்தான் குடும்பத்தைப் பிடித்த பீடை விலகியது என்று அவளுக்கு இத்தனை வருஷமாகப் பெருமை. அன்றைக்கு என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளைகள் எழுந்து போனதும் மூன்று சொட்டையும் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். அப்பவே தெரியும் என்றேன்.

“மூணு வாரம் ராவுன மனுசன்,” என்றாள். “தெரிஞ்சேவா என் கையில எடுத்துக் குடுத்தாரு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எறிஞ்சிருப்பனா?”

எறிந்திருக்க மாட்டாய், என் தோலை உரித்திருப்பாய் என்றேன்.

“ஆமா, உரிச்சிருப்பேன்,” என்றாள் அம்மா, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு.